சீடூவில் என் பெயர்

ஹம், ஜேர்மனி, 12.09.2024
காமாட்சி அம்பாள் துணை

என் அருமை மருமகள் வேணுஜாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் மாமியும் நல்ல சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்குதில்லை. உனக்குத் தடிமன், காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் ஒரு சொல் போட்டால் என் தங்கச்சி, அதுதான் உன் அம்மா கலாதேவி, அன்று பின்னேரமே ஊன்ட்றொப் கோயில் முழுக்கப் பரப்பி விடுவாள். கடிதம் என்றால் ஒட்டினவனுக்கும் உடைத்தவளுக்கும் மட்டும்.

தாய்வானுக்குப் படிக்கப் போன நீ சீடூ என்ற பகுதியில் அறை எடுத்திருக்கிறாயாம். "ஒருத்தருக்கும் தெரியாத இடமாம் அண்ணை" என்றாள் அம்மா. எனக்குத் தெரியாத இடமா! 1985இல் நான் கிரேக்கக் கப்பலில் ஓடின காலம், கீலுங் துறைமுகத்தில் கட்டினோம். கப்பலைத் துறைக்குள் ஓட்டிப் போனதே நான்தான். கப்டன் பக்கத்தில் நின்று கைதட்டினார். அங்கிருந்து பத்து நிமிட ரயிலில் சீடூ. சீடூ என்றால் ஏழாம் மதில். ஏழு ராணிகளைக் கட்டின ராசா ஒருத்தன், சண்டை வராமல் இருக்க ராணிக்கு ஒரு மதிலாகக் கட்டிக் கொடுத்தான். ஏழாவது ராணி சரியான வாய்க்காரி. அந்த மரத்தால் கட்டின ரயில் நிலையத்து மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

நீ நகரத் திட்டமிடல் படிக்கிறவள். எல்லாவற்றையும் பார்த்து எழுது. அப்படியே, ஸ்ரேசனுக்குப் பின்னால் மேலே சிலுவை வைத்த ஒரு சின்ன வேதக்கோயில் இருந்தது. இருக்கிறதோ என்று மட்டும் பார். சும்மாதான் கேட்கிறேன்.

மழைக்குள் நனையாதே.
உன் மாமா,
இராசலிங்கம்

பிள்ளை, மாமி எழுதுறன். அவர் அங்கே நிண்டது மொத்தம் நாலு நாள். தொப்பி ஒண்டும் வீட்டில இல்லை. — நேசமலர்


சீடூ, 03.10.2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். சப்பாத்துகள்தான் சுகமில்லை, வந்த நாளிலிருந்து காயவே இல்லை. மாமாவின் முழங்காலுக்கு டொக்டரைப் பார்க்கத் தேர்மீன் நாள் எடுத்தாயிற்றா?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்ட பிறகு நான் எழுதும் முதல் தமிழ்க் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

மாமா, ராணிகள் இல்லை. ஆற்றோரமாகக் குடியேறியவர்கள் காவலுக்கு மண்மதில் கட்டினார்களாம். ஐந்தாம் மதில், ஆறாம் மதில், ஏழு, எட்டு என்று இந்த ஆற்றோரம் முழுக்க ஊர்ப்பெயர்கள் அப்படித்தான். சுற்றுலாக்காரர் எல்லாரும் ரயிலில் இந்த இடத்தைத் தாண்டி மலை ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய ரயில் முற்றம், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்கள், எப்போதும் ஈரமான சுவர்கள். மழையை எடுத்துவிட்டால் ஹம் மாதிரியே இருக்கிறது. உங்கள் மர நிலையத்தைக் காப்பாற்றிப் பூங்காவுக்குள் வைத்திருக்கிறார்கள். ரயில் வருவதில்லை; கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். சந்தையில் கறித்தூள் போட்ட நூடில்ஸ் விற்கிறார்கள். மஞ்சளாக, இனிப்பாக இருக்கிறது.

ஸ்ரேசனுக்குப் பின்னால் வேதக்கோயில் எதுவும் இல்லை. நீங்கள் சைவக்காரர், வேதக்கோயில் எதற்கு?

அன்புடன்,
வேணுஜா


ஹம், 25.10.2024
காமாட்சி அம்பாள் துணை

மருமகளே,

உன் கடிதம் வந்தது. ஒரு பிழையும் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். சுகமாக இருக்கிறோம். முழங்காலுக்கு ஜனவரியில்தான் தேர்மீன். அதற்குள் அது தானாக மாறிவிடும் என்று டொக்டருக்கும் நம்பிக்கை.

மண்மதில் என்று புத்தகத்தில் எழுதினவன் அங்கே நின்று பார்த்தவனோ? சரி விடு. கறி நூடில்ஸ் எப்படி வந்தது என்று உன் பேராசிரியருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் கப்பலின் சமையல்காரன் அந்தோனிப்பிள்ளை. யாழ்ப்பாணம் கரையூர். அவன் துறைமுகத்தில் ஆட்டிறைச்சிக் கறி வைத்த அன்று மூன்று பொலிஸ்காரர் தட்டுக்கு அடிபட்டார்கள். அந்த வாசத்தில் வந்ததுதான் உன் நூடில்ஸ்.

இங்கே கண்ணாடி யானைக்கு மேல் ஏறிப் பார்த்தேன். நிலக்கரி கழுவின கட்டடத்தை யானையாக்கினார்களே, அது. நான் வந்து இறங்கினதுக்குப் பிறகுதான் ஹம்முக்குப் பிள்ளையார் வந்தார் என்று கோயில் கூட்டாளி கணேசலிங்கத்துக்குச் சொன்னேன். "அண்ணை, அது நீங்கள் வர முந்தியே கட்டினது" என்கிறான். ஆள் சரியில்லை.

வேதக்கோயில் ஸ்ரேசனுக்குப் பின்னால் இல்லை. நான்தான் மாறிச் சொன்னேன். ஆற்றுப் பாலத்தைக் கடந்து இடது பக்கம். நீலக் கதவு. பக்கத்தில் கன்னியாஸ்திரிகளின் மருந்துமடம். ஆறு கட்டில். யன்னலோரக் கட்டிலில் ஒரு கப்பல்காரன் படுத்திருந்தான். ஆள் யாரென்று இப்போது நினைவில்லை.

தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போ.
மாமா


சீடூ, 17.11.2024

அன்புள்ள மாமா,

நான் சுகம். குடை மூன்றாவது.

பாலத்தைக் கடந்து இடது பக்கம் போனேன். கோயில் இருக்கிறது. புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்; கதவு நீலமில்லை. முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்த லின் என்ற வயதான அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் கேட்டேன். பழைய கதவு நீலந்தானாம். பக்கத்தில் மருந்துமடம் இருந்ததாம். எத்தனை கட்டில் என்று கேட்டேன். ஆறு விரலைக் காட்டினார்.

மாமா, உங்கள் தொப்பி பொய். ராணிகள் பொய். கப்பலை நீங்கள் ஓட்டவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கதவின் நிறமும் கட்டிலின் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றன.

யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவர் அந்தோனிப்பிள்ளையா?

அன்புடன்,
வேணுஜா


ஹம், 09.01.2025

அன்பு மகள் வேணுஜாவுக்கு மாமி எழுதுவது,

பொங்கல் கிட்டுது. நீ அங்கே தனிய என்ன செய்வாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல். மாமா அதை வாசித்தார், மடித்தார், காமாட்சி படத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். கணேசலிங்கம் வந்து, "என்ன அண்ணை, கப்பல் கதை ஒண்டையும் காணேல்லை?" என்று கிண்டினான். "கப்பல் போயிட்டுது" என்றார். அவ்வளவுதான். அவர் வாய் மூடிக்கொண்டு இருந்தால் எனக்குப் பயம் பிள்ளை. முப்பத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தரம்.

அந்தோனிப்பிள்ளை என்ற பெயரை நான் உன் கடிதத்தில்தான் பார்த்தேன். நீ கோபிக்காதே. அவர் எழுதுவார்.

மாமி,
நேசமலர்


ஹம், 02.02.2025

வேணுஜா,

சுகம். இன்றைக்கு அம்பாளை மேலே எழுதவில்லை. எழுதினால் பொய் சொல்லக் கூச்சம் வரும் என்பதால் அல்ல. பொய் இன்றைக்கு ஒன்றும் இல்லை; அவள் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சம்.

ஓம், அது அந்தோனிப்பிள்ளைதான்.

1985 நவம்பர். கீலுங்கில் மூன்றாம் நாள் அவனுக்கு வயிற்றுக்குத்து. குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். கப்பல் மறுநாள் வெளிக்கிட வேண்டும், கப்டன் ஒரு மணித்தியாலம் பிந்தமாட்டார். கப்பல்களைப் பார்க்க வரும் வெள்ளைக்காரச் சுவாமியார் தன் வானில் ஏற்றிச் சீடூ மருந்துமடத்துக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

அங்கே புத்தகம் கேட்டார்கள். கப்பல்காரனுக்குக் கப்பல் புத்தகந்தான் பாஸ்போர்ட், பெயர், ஊர் எல்லாம். அந்தோனிப்பிள்ளையின் புத்தகம் கொழும்பில் ஆள் பிடித்து எடுத்த பொய்ப் புத்தகம். கப்பலில் எனக்கு மட்டும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெட்டக் கொண்டுபோனால் பொலிஸ் பார்க்கும். பார்த்தால் பிடித்து மறியலில் போடும். நான் என் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பெடியள் எல்லாருக்கும் ஒரே மீசை, ஒரே தலைமயிர். ஒருத்தரும் படத்தை இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

"மச்சான், விட்டிட்டுப் போகாதையடா" என்றான்.

"நாலு நாளில வாறன்" என்றேன். என் பொய்களுக்குள் அதுதான் சின்னது. அதுதான் கனமானது.

கப்பல் போய்விட்டது. அவன் புத்தகத்தைச் சூயஸ் தாண்டிக் கடலில் போட்டேன். கையில் ஒரு புத்தகமும் இல்லாமல் ஹம்புர்க்கில் இறங்கி அகதி என்று கையைத் தூக்கினேன். நான் ஜேர்மனிக்கு வந்த கதை அதுதான். கோயிலில் சொல்கிற கதை வேறு.

கரையூருக்கு ஏழு கடிதம் போட்டேன். பிறகு சண்டையில் அவன் வீடிருந்த ஒழுங்கையே இல்லாமல் போய்விட்டது. அவன் பிழைத்தானோ தெரியாது. பிழைக்காவிட்டால் அவன் என் பெயரில் செத்திருப்பான். அங்கே ஒரு சிலுவையில் இராசலிங்கம் என்று எழுதியிருக்கும். எனக்கு அறுபத்துநாலு வயது. இவ்வளவு காலமும் ஒருத்தரிடமும் கேட்க இடமில்லை. இப்போது நீ அங்கே நிற்கிறாய்.

கல்லறைச் சேமக்காலைக்குப் போய் என் பெயர் இருக்கிறதா என்று பார், பிள்ளை.

மாமா


சீடூ, 01.03.2025

அன்புள்ள மாமா,

நான் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்றே லின் அம்மாவிடம் போனேன்.

வேதக்காரரின் சேமக்காலை மலைச்சரிவில் இருக்கிறது. அவர் என்னோடு ஏறி வந்தார். எழுபத்தைந்து வயது, நான்தான் மூச்சு வாங்கினேன். வாசிக்கக்கூடிய கற்கள் பதினெட்டு. உங்கள் பெயர் இல்லை. ஆனால் மேற்பக்கம் முழுவதும் ஆளுயரப் புல். கையால் விலக்கிப் பார்த்தேன், கல் தட்டுப்படுகிறது, எழுத்துத் தெரியவில்லை. லின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே எல்லாக் குடும்பங்களும் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டித் துடைக்கும் நாள் இருக்கிறது. வேதக்காரரும் போவார்கள். அன்றைக்கு ஒரு கல்லும் மறைந்திருக்காதாம். அதுவரை பாம்பு இருக்கும், பொறு என்கிறார். மருந்துமடத்துக் கன்னியாஸ்திரிகளின் பழைய பதிவேடு வேறு ஊரில் இருக்கிறது, கேட்டு எழுதியிருக்கிறார்.

ஐந்து கிழமை இருக்கிறது. உங்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்கும் நீளந்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் அவரை விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தது வேறு.

வேணுஜா


ஹம், 20.03.2025
காமாட்சி அம்பாள் துணை

மருமகளே,

சுகம், சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். ஊசி வளைந்துவிட்டது, அவ்வளவு உறுதியான முழங்கால் என்று டொக்டர் ஆச்சரியப்பட்டார்.

மாமிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று இருந்தேன். எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். "இதையேன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? வாய் ஓயாமல் கதைக்கிற மனிசன்" என்று பிறகுதான் கேட்டாள்.

ஏப்ரலில் கல் இருந்தால் மெழுகுதிரி கொளுத்து. அவன் வேதக்காரன். கற்பூரம் வேண்டாம், இருமுவான். பெயரைத் திருத்தச் சொல்லிக் கேள். திருத்த ஏலாது என்றால் என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரையும் சின்னதாக வெட்டச் சொல்லு. செலவு என்னுடையது. கல் இல்லாவிட்டால்... அதை எழுதப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு மூச்சு விடாதே.
மாமா


சீடூ, 08.04.2025

அன்புள்ள மாமா, மாமி,

முதலில் செய்தி. சுகம் விசாரிப்பது பிறகு. கல் இல்லை.

நாலாம் தேதி விடியவே மலைக்குப் போனோம். ஐம்பது பேராவது வந்திருந்தார்கள். கத்தி, மண்வெட்டி, தண்ணீர் வாளி, குழந்தைகளுக்குப் பலகாரம். எனக்கும் ஒரு புல்வெட்டிக் கத்தியைத் தந்தார்கள். மத்தியானத்துக்குள் மேற்பக்கம் முழுவதும் தெரிந்தது. முப்பத்தொரு கல். ஒவ்வொன்றையும் துடைத்து வாசித்தேன். லின் அம்மாவும் தனியாக எண்ணினார். இராசலிங்கம் இல்லை, மாமா. நீங்கள் சீடூவில் சாகவில்லை.

நேற்றுப் பதிவேடு வந்தது. நீலத் துணி அட்டை. 22.11.1985: இராசலிங்கம், இலங்கை, கப்பல்காரர், 24 வயது. கீலுங்கில் சத்திரசிகிச்சை, மூன்றாம் நாள் திரும்பி வந்தார். 19.12.1985: நடந்து வெளியே போனார். நடந்து என்று எழுதியிருக்கிறார்கள். கீழே ஒரு கன்னியாஸ்திரி பென்சிலால் எழுதியது: "சமையலறைக்குள் விடவேண்டாம். மிளகாய்."

அந்தப் பக்கத்துக்குள் ஒரு கிறிஸ்மஸ் அட்டை செருகியிருந்தது. 1991, மொன்றியல், கனடா. "நான் சுகம். கலியாணம் முடித்துவிட்டேன். இலங்கையிலிருந்து யாராவது என்னைத் தேடி வந்தால் இந்த விலாசத்தைக் கொடுங்கள்." கையெழுத்து இராசலிங்கம். அடைப்புக்குறிக்குள் அந்தோனி.

அட்டையின் படத்தையும் விலாசத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். முப்பத்துநாலு வருடம் பழைய விலாசம். எழுதிப் பாருங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

லின் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஏன் என்று இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு கறி நூடில்ஸ் சாப்பிட்டோம். வெயில் அடித்தது, மாமா. சப்பாத்துக் காய்ந்துவிட்டது.

வேணுஜா


ஹம், 30.06.2025
காமாட்சி அம்பாள் துணை

என் பொன் மருமகளே,

நாங்கள் எல்லாரும் சுகம். முழங்கால் ஓடச் சொல்கிறது, நான்தான் வேண்டாம் என்கிறேன்.

மொன்றியலில் அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். அவர்கள் என் கடிதத்தைப் பக்கத்து வேதக்கோயிலில் கொடுக்க, சுவாமியார் பூசை முடியப் பெயரை வாசிக்க, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு கிழவன் எழும்பினானாம். மே மாதம் பத்தாம் தேதி காலை தொலைபேசி அடித்தது. "நாலு நாள் எண்டாயடா" என்றது ஒரு குரல். நாற்பது வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தால் அதுதான் முதல் சொல்! மாமியைக் கேட்டுப் பார். இருவரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

சுகம் வந்து என் புத்தகத்தோடேயே வேறு கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போயிருக்கிறான். ஆறு வருடம் அங்கே இராசலிங்கமாக இருந்து, பிறகு ஒரு வக்கீலைப் பிடித்து உள்ளதைச் சொல்லித் தன் பெயரைத் திருப்பி எடுத்தான். அவனுக்கும் என்னைப் பற்றிப் பயம். புத்தகம் இல்லாதவனைக் கப்டன் கடலில் தள்ளியிருப்பான் என்று நினைத்தானாம். அதனால் நவம்பர் வர ஒவ்வொரு வருடமும் இராசலிங்கத்தின் ஆன்மாவுக்குப் பூசை கொடுத்தான். முதல் ஆறு வருடமும் அங்கே அவன் பெயரும் இராசலிங்கம். "மிஸ்டர் இராசலிங்கம், உங்களுக்கே ஏன் செத்தவர் பூசை கேட்கிறீர்கள்?" என்று சுவாமியார் கேட்டாராம்!

இன்னும் கேள். அவனுடைய மூத்த மகனுக்கு என்ன பெயர் தெரியுமோ? இராசலிங்கம். தலையில் தண்ணீர் ஊற்றி, ஞானஸ்நானம் கொடுத்து, லிங்கத்தோடு ஒரு வேதக்காரப் பிள்ளை! ஆள் ரயில் ஓட்டுகிறான். என் பெயர் மொன்றியலில் ரயில் ஓட்டுகிறது பிள்ளை.

தேர்த்திருவிழாவுக்கு அந்தோனிப்பிள்ளை வந்தான். பத்து நாள் வீட்டில் நின்றான். மீசை நரைத்துவிட்டது, கறி நரைக்கவில்லை. உன் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். மூன்று தரம் அழுதுவிட்டு இப்போது ஊர் முழுக்கச் சொல்லுகிறாள். சொல்லட்டும்.

தேர் இருப்புக்கு வந்த பிறகு வாய்க்கால் கரையில் இருந்து கணேசலிங்கத்துக்கும் மற்றவர்களுக்கும் நான் முழுக் கதையையும் சொன்னேன். கப்பல், மருந்துமடம், புத்தகம், கல்லறை, ஒன்றையும் கூட்டவில்லை. கணேசலிங்கம் கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு என் தோளில் தட்டினான். "இராசலிங்கம் அண்ணை, நீங்கள் விடுகிறதெல்லாம் நாங்கள் கேட்கிறனாங்கள். ஆனால் இது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அந்தோனிப்பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், துரோகி. சேர்ட்டைத் தூக்கி வயிற்றில் வெட்டின தழும்பைக் காட்டடா என்றேன். "கோயில் வளவுக்குள்ளயோ, விடடா" என்றான்.

எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. ஆட்கள் போன பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்து கடலை சாப்பிட்டோம். நல்ல காற்று.

லின் அம்மாவுக்கு மிளகாய்த்தூள் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒகஸ்டில் நீ வரும்போது விமானத்தளத்துக்கு நாங்கள் இரண்டு இராசலிங்கமும் மேளத்தோடு வருவோம்.

உன் மாமா,
இராசலிங்கம் (அசல்)

பிள்ளை, மேளம் இல்லை. மற்ற இராசலிங்கம் கனடாவில. மாமா ரெயினில வருவார், நானும் வருவன். மிச்சம் எழுதினது முழுக்க உண்மை. நான் இரண்டு தரம் வாசிச்சுப் பார்த்தனான். — மாமி